பார்த்துட்டு சொல்றேன்

அன்று கார்க்கடை வாசலில் நின்றவர்கள் இவர்கள். கடை முதலாளி. சீனர், எல்லாரும் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். சேல்ஸ்மேன். நம் ஆள், டை கட்டியிருப்பார். நான். அந்தக் கடையில் கார் கழுவுகிறவன். அப்புறம் அவர். வெள்ளை முழுக்கைச் சட்டை, பையில் பேனா, பாலிஷ் போட்ட சப்பாத்து. எங்களுக்கு நடுவில் நீல நிறத்தில் ஓர் அமெரிக்கக் கார். எஞ்சின் சூடு இன்னும் ஆறவில்லை. முன்மூடிக்குள் டிக் டிக் என்று கேட்டுக்கொண்டிருந்தது.

தவுக்கே ஒரு கேள்வி கேட்டார். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவருக்குச் சொந்தக் கார் கிடையாது. இரண்டு சக்கர மோட்டார்கூடக் கிடையாது. ஆனால் அம்பாங்கான் பக்கம் பழைய கார் விற்கிற கடைகளில் அவரைத் தெரியாதவர் இல்லை. வாங்க வந்தவர் போல வருவார். காரைச் சுற்றி ஒரு நடை நடப்பார். மற்றவர்கள் டயரைக் காலால் உதைப்பார்கள். அவர் குனிந்து கையால் தொடுவார். பிறகு சாவி கேட்பார். ஓட்டிவிட்டுத் திரும்பி வந்து சாவியைக் கொடுக்கும்போது ஒரே பேச்சு.

"பார்த்துட்டு சொல்றேன்."

சொன்னதே இல்லை.

டெஸ்ட் டிரைவுக்குக் கடை ஆள் ஒருவர் கூடப் போக வேண்டும். சேல்ஸ்மேனுக்கு வெயில் ஆகாது. என்னை அனுப்பிவிடுவார். அப்படித்தான் அவர் எனக்குப் பழக்கம்.

முதல் தடவை ஒரு சின்னக் கார். கடையை ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பி வருவார் என்று உட்கார்ந்திருந்தேன். கார் பெடாஸ் ரோட்டில் போய்க்கொண்டே இருந்தது.

"எங்கண்ணே போறோம்?"

"பிரேக் பாக்கணும் தம்பி."

"அத இங்கயே பாக்கலாமே."

"வெயிட் ஏத்தாம பிரேக்க எப்படிப் பாக்கறது? காலி காடி எல்லாம் நல்லாத்தான் நிக்கும்."

செம்பனைத் தோட்டத்துக்குள் திரும்பினார். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கிற லயத்து வாசலில் மூன்று பெண்கள் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் போலக் கூடையோடு நின்றார்கள். ஒரு அம்மாவுக்குக் கால் வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்கிற நாள் அவருக்கு. இவர் இறங்கிக் கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறுங்க. வெயிட் வந்தாச்சு."

"யாரு காடி டிரைவரே இது?"

"கடைக்காரர் காடி. பிரேக் பாக்கக் குடுத்திருக்காரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. கடையில் பொய் சொன்னவர் லயத்தில் உண்மையைச் சொல்லிவிட்டார்.

அவர் அந்த எஸ்டேட்டில் மானேஜருக்கு டிரைவராக இருந்தவர். மானேஜர்கள் மாறினார்கள். கார்கள் மாறின. டிரைவர் அவர்தான். எஸ்டேட் கைமாறியபோது புது மானேஜர் தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டார். இவர் வேலை அத்தோடு முடிந்தது. ஆனால் லயத்தில் அவரை டிரைவர் என்றே கூப்பிட்டார்கள். பிள்ளைகள் மட்டும் டெஸ்ட் டிரைவ் மாமா என்பார்கள். அதற்கும் திரும்பிப் பார்ப்பார்.

காரில் ஏறினால் ரேடியோவைத் தொட மாட்டார். கண்ணாடியைத் திருப்பினால், இறங்கும்போது பழைய இடத்துக்கே திருப்பி வைப்பார். சீட்டும் அப்படித்தான். கடைசியில் கைக்குட்டையை எடுத்து ஸ்டியரிங்கைத் துடைப்பார்.

"நானே கழுவிடுவேன்ணே, விடுங்க."

"இறங்கும்போது நாம ஏறினதே தெரியக் கூடாது தம்பி."

இதை அவர் பல தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். மானேஜர் வீட்டில் பழகியது என்று நினைக்கிறேன்.

அவர் வாங்க மாட்டார் என்று தவுக்கேக்குத் தெரியும். தெரிந்தும் விட்டு வைத்திருந்தார். லயத்து ஆட்கள் கார் வாங்குவதென்றால் எங்கள் கடைக்கு வந்தார்கள். அவர் சொல்லித்தான் வந்தார்கள். தவுக்கே அவரை மிஸ்டர் என்று கூப்பிடுவார். உட்காரச் சொல்லி கோப்பி வாங்கிக் கொடுப்பார்.

துரியான் பருவத்தில்தான் கெட்டது. யாரோ ஒரு அம்மா இவருக்கும் தெரியாமல் பின்பெட்டியில் ஒரு கோணிப்பை துரியானை வைத்து, இறங்கும்போது ஒரு பழத்தை மறந்துவிட்டார். அதற்கு மேல் இரண்டு நாள் வெயில் அடித்தது. காரைப் பார்க்க வந்தவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு போனார்.

தவுக்கே அவரை ஒன்றும் சொல்லவில்லை. என்னைக் கூப்பிட்டார். கத்தவில்லை. இனிமேல் டெஸ்ட் டிரைவுக்குக் காரில் இரண்டே பேர்தான். ஓட்டுகிறவர் ஒன்று, நீ ஒன்று. மூன்றாவது ஆள் ஏறினால் நீ மறுநாள் வர வேண்டாம். மலாயில் சொன்னார். நிதானமாகச் சொன்னார். என் வீட்டில் சம்பாதிக்கிறவன் நான் ஒருவன்தான். அது அவருக்கும் தெரியும்.

நான் இவரிடம் சொன்னேன். 

"ஆள்தானே ஏறக் கூடாது? அரிசி ஏறலாமில்ல?"

"அரிசி ஏறலாம்ணே."

அதற்குப் பிறகு ஆள் ஏற்றவில்லை. அரிசி, மருந்து, சமையல் காஸ் தோம்பு, ஒரு தடவை கட்டிலில் பாதி. கால் வீங்கிய அம்மாவுக்கு வேறு வண்டி பேசிவிட்டார். கேட்டவர்களிடம், "தம்பிக்கு வேல போயிரும்," என்று சொல்லியிருக்கிறார். எனக்கு அது பிறகுதான் தெரிந்தது.

அந்த அமெரிக்கக் கார் மழை பெய்த ஒரு நாள் வந்தது. வெளிநாட்டிலிருந்து இறக்கியது. இங்கே இன்னும் யார் பெயரிலும் பதியவில்லை. கடை நம்பர் பிளேட்டை மாட்டித்தான் வெளியே எடுக்க வேண்டும். இரண்டே கதவு. முன்பக்கம் நீளம். பின்பக்கம் பாய்வதற்குக் குந்தியதுபோல இருக்கும். எட்டு சிலிண்டர். சேல்ஸ்மேன் ஸ்டார்ட் செய்தபோது பக்கத்துக் கடையில் ரொட்டி சானாய் வீசிக்கொண்டிருந்தவர் மாவோடு வெளியே வந்து பார்த்தார். 

ஆட்கள் வந்தார்கள். போட்டோ பிடித்தார்கள். விலை கேட்டார்கள். போய்விட்டார்கள்.

அவரும் வந்தார். சுற்றி ஒரு நடை. குனிந்து டயரைத் தொட்டார். கையை எடுக்கக் கொஞ்ச நேரமானது. சாவி கேட்கவில்லை.

"என்ன டிரைவரே, பயமா?" என்றார் சேல்ஸ்மேன். "இது குடிக்கிற பெட்ரோலுக்கு உங்க லயத்தையே எழுதி வைக்கணும்லா."

"லயத்த ஏற்கனவே வித்துட்டான் தம்பி."

உண்மைதான். எஸ்டேட் நிலத்தை வீடு கட்டுகிறவர்கள் வாங்கியிருந்தார்கள். லயத்து ஆட்களுக்கு ரெம்பாவ் பக்கம் ஒரு தாமானில், புதுக் குடியிருப்பில், வீடு. கோயிலுக்கும் அங்கே ஒரு துண்டு நிலம்.

அதற்குப் பிறகும் அவர் வருவார். வேறு ஏதாவது ஒரு காரை எடுத்துக்கொண்டு போவார். போகுமுன் அந்த நீலக் காரிடம் நின்றுவிட்டுத்தான் போவார். ஒரு நாள் கேட்டேன்.

"ஏண்ணே இத மட்டும் கேக்க மாட்டேங்கறீங்க?"

"கேட்டா திருப்பிக் குடுக்கணுமே," என்றார்.

அன்று வெள்ளிக்கிழமை. நான் கடையைத் திறந்து குழாயை இழுத்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒருவருடைய மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினார். வேர்த்திருந்தது. அவருக்கு வேர்த்து நான் பார்த்ததில்லை.

"தம்பி, அந்தக் காடி வேணும்."

"எதுண்ணே?"

கை காட்டினார். நீலக் கார்.

விஷயம் இதுதான். அன்றைக்கு லயத்துக் கோயில் அம்மனைப் புது இடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் அம்மன் புது இடத்தில் உட்கார வேண்டும். அலங்கரித்த லோரியும் அதிலேயே மேளக்காரர்களும் தம்பின் டவுனிலிருந்து வர வேண்டும். லோரி வழியில் படுத்துவிட்டது.

"லயத்துல காடி இல்லியாண்ணே?"

"இருக்கு. ஒண்ணு பசார் மாலாம் சந்தைக்கு மீன் ஏத்தறது. ஒண்ணு நேத்து சாவு வீட்டுக்குப் போய்ட்டு வந்தது. பூசாரி ஆகாதுங்கறாரு. மீன் ஏறாத, சாவுக்குப் போகாத காடி வேணுமாம்." நீலக் காரைப் பார்த்தார். "இத இந்த ஊர்ல ஒரு ஆளும் ரோட்டுக்கு எடுக்கல. நீ கழுவறவன், உனக்குத் தெரியும்."

எனக்குத் தெரியும். சீட்டின் பிளாஸ்டிக் உறையை எடுத்தவனே நான்தான்.

சேல்ஸ்மேனிடம் அவர் அம்மனைப் பற்றிச் சொல்லவில்லை. ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். சேல்ஸ்மேன் சிரித்தார். தவுக்கே மத்தியானம்தான் வருவார். கார் நின்றே கிடந்தால் பேட்டரி போய்விடும் என்று அவரும் திட்டியிருந்தார். சேல்ஸ்மேன் சாவியைத் தூக்கிப் போட்டார்.

"பாத்து டிரைவரே. பிரேக் பாக்கறேன்னு கோலாலம்பூர் போய் நிக்காதீங்க."

அவர் சாவியை இரண்டு கையாலும் பிடித்தார்.

கடை பிளேட்டை மாட்டிவிட்டு நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெடாஸ் வரைக்கும் அவர் வேகமாக மிதிக்கவில்லை.  பின்னால் வந்த சின்னக் கார்கள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போயின. ஒரு பையன் தலையை நீட்டி எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான்.

லயத்துக்குள் நுழைந்ததும் நாய்கள் ஓடின. பிறகு ஆட்கள் வந்தார்கள்.  கால் வீங்கிய அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே கேட்டார்.

"டிரைவரே, வாங்கிட்டியா?"

நான் அவரைப் பார்த்தேன். கடைக்காரர் காடி என்று சொல்வார் என்று நினைத்தேன். அவர் கைக்குட்டையால் கதவுப் பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

"வாங்கிட்டாருடி," என்றார் இன்னொரு அம்மா. "எல்லா காடியையும் ஓட்டிப் பாத்துட்டு கடைசியில பெரிசா வாங்கிட்டாரு."

அவர் என் பக்கம் திரும்பினார். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

பூசாரி தட்டோடு வந்தார். முன்மூடியில் சந்தனம், குங்குமம். கண்ணாடியில் மாலை. குனிந்து நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்.  சொந்த வண்டிக்குத்தான் அப்படிச் செய்வார்கள். பழத்தை நசுக்கிவிட்டால் வண்டி வீட்டு வண்டி. மெதுவாக அவரிடம் போனேன்.

"அண்ணே, கடைக் காடி."

"தெரியும் தம்பி."

அம்மன் ஐம்பொன். உயரம் இல்லை, ஆனால் கனம். பச்சைப் பட்டு கட்டியிருந்தது. பூசாரி கருவறையில் நின்றுகொண்டு வெளியே வர மறுத்தார். மேளம் இல்லாமல் அம்மன் படி இறங்கக் கூடாது என்றார். பெண்கள் அவரோடு சண்டை போட்டார்கள். நேரம் போய்க்கொண்டிருந்தது.

இவர் காரில் ஏறினார். கியரைப் போடாமல் மிதித்தார்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது. தகரக் கூரை அதிர்ந்தது. செம்பனையில் இருந்த பறவை எல்லாம் எழும்பியது. விட்டார். மறுபடி மிதித்தார். விட்டார். ஒரு தாளத்தில் மிதித்தார், விட்டார். பெண்கள் வாயில் கைவைத்து நின்றார்கள். பிறகு யாரோ குலவை போட்டார்கள். பிறகு எல்லாரும் போட்டார்கள்.

"எம்மா, நம்ம உருமிகூட இப்படி அடிச்சதில்லையே!"

பூசாரி அம்மனை மார்போடு அணைத்துக்கொண்டு படி இறங்கினார்.

பின்னால் இடமில்லை. அந்தக் காரின் பின்சீட்டு கோழிக் கூண்டு மாதிரி. அம்மன் முன்னால் உட்காரட்டும் என்றார்கள். அப்போதுதான் எனக்குத் தவுக்கே சொன்னது ஞாபகம் வந்தது.

"அண்ணே, ரெண்டு பேருக்கு மேல ஏறக் கூடாது."

அவர் என்னைப் பார்த்தார்.

"அம்மன ஆளாக் கணக்கு வைப்பியா, அரிசியாக் கணக்கு வைப்பியா? நீயே சொல்லு. நீ வேணாம்னா வேணாம்."

கேலியாகக் கேட்கவில்லை.  முன்சீட்டைச் சாய்த்துப் பின்னால் போய் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அம்மனை முன்சீட்டில் வைத்ததும் கார் டிங் டிங் என்று அடிக்க ஆரம்பித்தது. பூசாரி பயந்து கையை எடுத்தார்.

"ஒண்ணுமில்ல சாமி. பெல்ட் போடச் சொல்லுது. ஆள் உக்காந்திருக்குன்னு அதுக்குத் தெரியுது."

இவர் குனிந்து பட்டுக்கு மேல் பெல்ட்டை இழுத்து மாட்டினார். மாட்டும்போது, "கொஞ்சம் பொறுத்துக்கம்மா," என்றார். மணி நின்றது. கார் நகர்ந்தது. நான்கு பழமும் நசுங்கின.

பின்னால் மோட்டார்களும் ஒரு வேனும் வந்தன. இவர் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போகிறவர் போல ஓட்டினார். மணி பத்து தாண்டிவிட்டது. ரெம்பாவ் ரோட்டில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று முன்னால் ஊர்ந்தது. ஏற்றம். லோரி இன்னும் மெதுவானது.

"அண்ணே, நேரம்."

"அம்மன் உக்காந்திருக்கு."

"நேரம்ணே."

எதிரே ரோடு காலியாக இருந்தது. அவர் அம்மனை ஒரு தடவை பார்த்தார். பிறகு மிதித்தார்.

என் தலை பின்கண்ணாடியில் இடித்தது. மரங்கள் எல்லாம் ஒன்றாகிவிட்டன. அம்மன் பெல்ட்டுக்குள் அப்படியே சாய்ந்து உட்கார்ந்திருந்தது. லோரி எங்கேயோ பின்னால் போய்விட்டது. கண்ணாடியில் அவர் கண் தெரிந்தது. ஈரமாக இருந்ததா என்று நான் சொல்ல மாட்டேன். பிறகு காலை எடுத்துவிட்டார். பழையபடி மெதுவாக ஓட்டினார். அவ்வளவுதான்.

ராகு காலத்துக்கு முன் அம்மன் உட்கார்ந்தது.

திரும்பும்போது ஒரு குழாயடியில் நிறுத்தினோம். டயரில் ஒட்டிய எலுமிச்சைத் தோலை நான் எடுத்தேன். சந்தனத்தைக் கழுவினேன். மாலையைக் கழற்றி ஒரு மரத்தடியில் வைத்தோம். எல்லாம் போய்விட்டது. முன்சீட்டில் மட்டும் அம்மன் குங்குமம். வெள்ளைத் தோல் சீட்டு. அபிஷேகப் பாலின் ஈரத்தோடு உள்ளே இறங்கிவிட்டது. உள்ளங்கை அளவு சிவப்பு. அவர் கைக்குட்டையை நனைத்துத் தேய்த்தார். இன்னும் பரவியது. பிறகு நிறுத்திவிட்டார்.

"விடு தம்பி," என்றார்.

"கேட்டா என்னண்ணே சொல்றது?"

"நான் சொல்லிக்கறேன்."

அவர் சொல்லிக்கொள்வார் என்றுதான் நானும் நினைத்தேன். பொய் அவருக்குச் சுலபம்.

பின்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மறுநாள் முதல் நான் அந்தக் கடையில் இல்லை. தவுக்கே மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த மாதச் சம்பளத்தை முழுசாகக் கொடுத்தார். கொஞ்ச நாள் சிரமப்பட்டோம். பிறகு ரெம்பாவில் ஒரு கார் கழுவும் கடையில் சேர்ந்தேன். இப்போதும் அங்கேதான்.

அவர் அதற்குப் பிறகு எந்தக் கடையிலும் சாவி கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் என் கடைக்கு வருவார். பசியாறிட்டியா என்று கேட்பார். நாசி லெமாக் பொட்டலம் ஒன்று தருவார். முழுக்கையை மடித்துவிட்டு, நான் கழுவிய கார்களைத் துடைப்பார். வேண்டாம் என்று சொன்னால் கேட்க மாட்டார். மன்னிப்பு மாதிரி எதுவும் சொன்னதில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. ஒரு தடவை ஓட்டுகிறவர் சீட்டை முன்னால் தள்ளி உள்ளே துடைத்துவிட்டு, மறுபடி பழைய இடத்துக்கு இழுத்து வைத்ததைப் பார்த்தேன். அப்படியே ஓரிரு வருடம் வந்தார். பிறகு படுத்தார். பிறகு இல்லை. தாமான் ஆட்கள் இன்னும் சொல்கிறார்கள், டிரைவர் ஒரு நீலக் காடி வைத்திருந்தார் என்று. நான் திருத்துவதில்லை.

இப்போது அந்தக் கேள்வி.

நாங்கள் திரும்பி வந்தபோது தவுக்கே வாசலில் நின்றார். சீக்கிரம் வந்துவிட்டிருந்தார். காரைச் சுற்றி வந்தார். முன்கதவைத் திறந்தார். சீட்டைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்து மலாயில் கேட்டார். குரலில் கோபம் இல்லை. இரண்டு பேர்தானே போனீர்கள் மிஸ்டர் என்று, பதிலையும் சேர்த்தே கேட்டார். ஆமாம் என்று ஒரு சொல் போதும். ஏதோ கொட்டிவிட்டது என்று முடிந்திருக்கும்.

இவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"மூணு பேர் தவுக்கே," என்றார்.

"மூணாவது யார்?"

"எங்க அம்மன். கோயில் மாத்தினோம்."

 கடை மூலையில் தவுக்கேயும் சிவப்பு அடித்த ஒரு சின்னக் கோயில் வைத்திருந்தார், காலையில் ஊதுபத்தி கொளுத்துவார். அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். சேல்ஸ்மேன்தான் குறுக்கே வந்தார். அவருக்கும் பயம், சாவி கொடுத்தவர் அவர்.

"அது சிலை தவுக்கே. பொம்மை. ஆள் இல்ல. ரெண்டு பேர்தான்." என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். "சொல்லுலா. சிலைதானே? வாயத் திற. உன் வேலடா."

இவர் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ கடையில் எத்தனையோ பொய் சொன்ன மனிதர். இந்த ஒன்றைச் சொல்லவில்லை. நான் இரண்டு என்றால் அவர் சொன்ன இந்த உண்மையும் பொய்யாகிவிடும்.

தவுக்கே என்னிடம் திரும்பினார். இப்போது மிஸ்டர் இல்லை. சுருக்கமாகக் கேட்டார்.

"நீ சொல்லு. எத்தனை பேர்?"

முன்சீட்டில் அந்தச் சிவப்பு இன்னும் ஈரமாக இருந்தது. கார் பெல்ட் கேட்டு மணி அடித்தது எனக்கு ஞாபகம் வந்தது.

மூன்று.